மண்சுவருக்கு அளவுகோல் உண்டா? வங்கச் சமவெளியின் டொர்னாடோக்கள் குறித்து ஒரு குறிப்பு

1978-ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துத் தொடங்குகிறேன். அவ்வாண்டு மார்ச் 17 அன்று மாலை வடதில்லியில் ஒரு டொர்னாடோ இறங்கியது. ரோஷனாரா சாலை, கமலா நகர், மாரிஸ் நகர் எனப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதிகளின் வழியே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சென்று சில நிமிடங்களில் மறைந்தது. 28 பேர் இறந்தனர். சுமார் 700 பேர் காயமுற்றனர். அதன் பாதை வரைபடமாக்கப்பட்டது, சாய்ந்த மரங்களின் திசை குறிக்கப்பட்டது, இந்திய வானிலைத் துறையின் ஆய்விதழில் தனிக்கட்டுரை வெளிவந்தது. நம் நாட்டு வளிமண்டலவியல் நூல்களில் டொர்னாடோ என்னும் தலைப்பின் கீழ் முதலில் வரும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் இதுவே.

அடுத்த மாதம், ஏப்ரலில், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் புருணபந்தகோடா என்னும் உழவர் சிற்றூரை இன்னொரு டொர்னாடோ தாக்கியது. அதில் மடிந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். தில்லியைப் போலப் பல மடங்கு. எனினும் அவ்வூரின் பெயரை அறிந்த வரலாற்று மாணவர்கள் எத்தனை பேர்? இதில் சதி ஏதுமில்லை. தில்லிக் காற்று, அதை அளக்கத் தெரிந்தவர்களின் வீட்டு வாசலிலேயே இறங்கியது. கியோஞ்சர்க் காற்று இறங்கிய இடத்தில் அளப்பவர் எவரும் இல்லை. டொர்னாடோ என்பது சில நூறு மீட்டர் அகலமும் சில நிமிட ஆயுளும் உடையது. கருவிகளுக்கு இடையில் நுழைந்து போய்விடும் இயல்பினது. ஆகவே அதன் வரலாறு முழுவதும், அது விட்டுச்சென்ற சேதத்தை யார் வந்து பார்த்தார்கள், எதைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதன் வரலாறாகவே அமைந்துவிடுகிறது. என் ஆய்வின் ஓர் ஓரத்தில் வெகுநாளாகக் கிடந்த இக்கேள்வியை இங்கே சற்று விரித்தெழுதுகிறேன்.

முதலில் சொல். தமிழில் நமக்குத் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. சூறாவளி என்று நாளிதழ்கள் எழுதுவது ஒரு நாள் கடலில் உருவாகும் பெரும்புயலைக் குறிக்கும், மறுநாள் அமெரிக்கச் சமவெளியின் டொர்னாடோவைக் குறிக்கும். வாழைத் தோட்டங்களைச் சாய்க்கும் சூறைக்காற்று இவ்விரண்டும் அன்று. ஆகவே குழப்பம் வேண்டாமென்று இக்குறிப்பில் டொர்னாடோ என்ற கடன்சொல்லையே ஆள்கிறேன். இடிமேகத்தின் அடியிலிருந்து தூண்போல் இறங்கி நிலத்தைத் தொட்டுச் சுழலும் காற்று என்பதே இங்குப் பொருள்.

வங்காளிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது, ஆனால் வேறு வகையில். சித்திரை வைகாசிப் பிற்பகல்களில் வடமேற்கிலிருந்து திரண்டு வரும் இடிப்புயலுக்கு அவர்கள் இட்ட பெயர் காலபைசாகி. ஆங்கிலேயர் அதையே நார்வெஸ்டர் என்றனர். அசாமில் அது பொர்தொய்சிலா, பிகு திருநாளை ஒட்டித் தாய்வீட்டுக்கு விரைந்தோடி வரும் மகள். அவள் வருகையில் கூரைகள் பறக்கும், மரங்கள் முறியும், ஆனால் மகளை யாரும் வெறுப்பதில்லை. வெறுக்க முடியாத காரணம் உழவிலேயே இருக்கிறது. பங்குனி முடியும் தறுவாயில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் நிலத்தில் முதல் ஈரத்தைத் தருவது அப்புயலே. சணல் விதைப்பும் ஆவுஸ் நெல்லின் விதைப்பும் அம்மழையை நம்பியவை. தேயிலைத் தோட்டங்களும் அதை எதிர்நோக்கியே இருந்தன. அந்தப் புயல்களுள் மிகச் சிலவற்றின் அடிவயிற்றிலிருந்துதான் டொர்னாடோ இறங்குகிறது. நன்மை செய்யும் ஒன்றின் அரிய கொடிய வடிவம் அது. ஆதலால் அதற்கெனத் தனிப்பெயர் நாட்டுவழக்கில் அழுத்தமாக நிலைபெறவில்லை. பின்னாளில் செய்தித்தாள் வழியாக ஆங்கிலச் சொல்லே வங்காளியிலும் நுழைந்தது.

ஆங்கிலத்திலும் அப்போது நிலைமை தெளிவாக இல்லை. 1838 ஏப்ரல் 8 அன்று கல்கத்தாவின் கிழக்கே, டம்டம்மை அடுத்த உப்பு ஏரிப் பகுதியில் ஒரு பெருங்காற்று வீசியது. அதைப் பற்றி வங்க ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த அறிக்கையின் தலைப்பு ஹரிக்கேன் அல்லது வேர்ல்விண்டு என்று இரண்டு பெயர்களைத் தயக்கத்தோடு சேர்த்தே சொல்கிறது. டொர்னாடோ என்னும் சொல் அன்று பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்து இடிப்புயல்களுக்கு மாலுமிகள் வழங்கிய பெயர். சைக்ளோன் என்னும் சொல் இன்னும் பிறக்கவே இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 1848-இல், அதே கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் தம் மாலுமிகளுக்கான கையேட்டில்தான் அதைப் படைத்தார். கப்பலைக் காப்பதற்காகப் பிறந்த சொல் அது. வயலில் நிற்பவனைத் தாக்கும் காற்றுக்குச் சொல் தேடும் அவசரம் துறைமுக நகரத்துக்கு இருந்ததில்லை.

1838-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர் ஃபிளாய்டு என்பவர். அவர் வானிலை அறிஞர் அல்லர். பாருய்ப்பூர், உப்பு ஏரிப் பகுதிகளின் நில அளவையில் பணியாற்றிய துணை அலுவலர். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலத்தை அளந்து, எல்லை குறித்து, வரிக்கு ஆயத்தம் செய்வதற்காக அங்கே சென்றவர், அதே பழக்கத்தோடு புயலையும் அளந்தார். எங்கே தொடங்கியது, எந்த ஊர்களைத் தொட்டது, பாதையின் அகலம் எவ்வளவு என்று ஊர் ஊராகக் குறித்தார். காற்று ஏறத்தாழ 16 மைல் தொலைவை மிக மெதுவாக, ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தைவிடச் சற்றே மிகுந்த வேகத்தில் கடந்தது. அந்த மந்தகதியே அதன் கொடுமை. ஓரிடத்தின் மேல் அது நின்று அரைத்தது. இறந்தோர் 215, காயமுற்றோர் 223. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் தரைமட்டமாயின. ஆலங்கட்டிகளும் விழுந்தன. மூங்கில் ஒன்று செங்கற்கட்டு போர்த்திய தடித்த கரையைத் துளைத்துச் சென்றதாக அக்காலத்து எழுத்துகள் வியந்து குறிப்பிட்டன. ஐரோப்பிய நூல்கள் பின்னர் எடுத்தாண்டது அந்த மூங்கிலைத்தான். மாண்டவர்களுள் பெரும்பாலோர் ஏரிக்கரை மீனவரும் உழவரும் என்பது மேற்கோள்களில் மெல்ல மெல்லத் தேய்ந்துபோனது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காயமுற்றோர் எண்ணிக்கை இறந்தோர் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கிறது. பிந்தைய டொர்னாடோக்களில் ஓர் இறப்புக்குப் பத்து இருபது பேர் காயமுற்றிருப்பதே பெருவழக்கு. தில்லிக் கணக்கில் அது 25 மடங்கு. 1838-இல் காயமுற்றோர் பலர் எண்ணப்படவே இல்லை என்பதே என் ஊகம். எழுந்து நடமாட முடிந்தவனை அளவைக்காரரின் ஏடு காயமுற்றவனாகக் கொண்டிராது.

அடுத்த பெரிய ஆவணம் 1888. அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று டாக்கா நகரைத் தாக்கிய டொர்னாடோவில் 118 பேர் இறந்தனர். நவாப் குடும்பத்தின் ஆசான் மன்சில் மாளிகை பெரிதும் சிதைந்து, பின்னர் எடுத்துக்கட்டப்பட்டது. சிதைந்த மாளிகையின் ஒளிப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. மாநிலக் கல்லூரி வேதியியல் பேராசிரியரும் வங்க அரசின் வானிலை அறிக்கையாளருமான அலெக்சாண்டர் பெட்லர், டாக்கா மருத்துவ அலுவலர் கிராம்பியுடன் இணைந்து அதை எழுதினார். அதே ஏப்ரல் 30 அன்று மொராதாபாத் வட்டாரத்தில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தனர். ஆலங்கட்டியால் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு 2017-இல் ஏற்றுக்கொண்ட நிகழ்வு அது. அவ்வாண்டின் கங்கைச் சமவெளிப் புயல்களை அலகாபாத்தின் எஸ். ஏ. ஹில் விரிவாகத் தொகுத்தார். 1875-இல் வானிலைத் துறை நிறுவப்பட்டபின் ஆவணத்தின் தரம் எப்படி உயர்ந்தது என்பதற்கு இவை சான்று. மாளிகைக்கு ஒளிப்படமும் மொராதாபாத் ஆட்டிடையர்களுக்கு ஒற்றை எண்ணும் எஞ்சியமைக்கும் இவையே சான்று.

ஏன் இந்நிலம்? சுருக்கமாகவே சொல்கிறேன், இயற்பியல் மாணவர்கள் பொறுத்தருள்க. பங்குனி சித்திரையில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக உள்நாட்டுக்குள் நுழைகிறது. சோட்டா நாக்பூர் பீடபூமியிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று அதன்மேல் மூடிபோல் படிகிறது. மூடி இருக்கும்வரை கீழே வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொண்டே இருக்கும். பிற்பகலில் மூடி உடையும். உயரே மேலைக்காற்றின் ஓட்டம் இன்னும் இமயத்துக்கு வடக்கே விலகியிராத காலம் அது. எனவே மேலும் கீழும் காற்றின் திசையும் வேகமும் மாறுபட்டு, எழும் மேகம் சுழலத் தொடங்குகிறது. பருவமழை தொடங்கியபின் இந்த அமைப்பு கலைந்துவிடும். ஆகவே மார்ச் முதல் மே வரை, பிற்பகல் முதல் மாலை வரை என்று ஏறக்குறைய நாள்காட்டியிலேயே குறிக்கத்தக்க இடர் இது. அந்த மாதங்களே போரோ நெல் கதிர்முற்றி அறுவடைக்கு நிற்கும் மாதங்கள். சென்ற அரை நூற்றாண்டில் ஆழ்துளைக் கிணறுகளால் போரோ பரப்பு பெருகியதன் விளைவாக, டொர்னாடோ வரும் காலத்தில் வயலில் நிற்கும் பயிரின் மதிப்பும் அங்கே குனிந்து நிற்கும் ஆள்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கின்றன. காற்று மாறாமலே இடர் வளர்ந்தது.

கூரைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. கீழை வங்கத்துச் சணல் உழவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சணல் விலை ஏறிய ஆண்டுகளில் வாங்கிய முதற்பொருள்களுள் நெளிதகரத் தகடும் ஒன்று. ஆண்டுதோறும் வேய வேண்டியதில்லை, தீப்பற்றாது, ஊரார் கண்ணுக்கு மதிப்பு. வைக்கோல் கூரை காற்றில் பிய்ந்து பறந்தால் பெரும்பாலும் வைக்கோலாகவே விழும். தகரம் பிய்ந்து பறந்தால் வாளாகி விழும். பிற்கால வங்கதேசத்து மருத்துவ அறிக்கைகளில் தகடுகளால் நேர்ந்த வெட்டுக்காயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உழவர் தகரம் வேய்ந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. டொர்னாடோ ஓர் ஊருக்கு வருவது பல தலைமுறைக்கு ஒருமுறை, கூரை ஒழுகுவதோ ஆண்டுதோறும். அவர்கள் செய்த கணக்கு சரியான கணக்கே.

இனி அளவுகோலுக்கு வருவோம். இந்தியத் துணைக்கண்டத்து டொர்னாடோக்களை முதன்முதலாக முறையாகத் தொகுத்த கட்டுரை 1981-இல் வந்தது. எழுதியவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டர்சனும் கிஷோர் மேத்தாவும். பழைய ஆய்விதழ்களையும் செய்திகளையும் துழாவி, டொர்னாடோவாக இருக்கக்கூடிய 51 நிகழ்வுகளை அடையாளங்கண்டனர். அவற்றுள் 18 நிகழ்வுகள் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொன்றவை. அவர்கள் வாழ்ந்த லுப்பக் நகரமே 1970-இல் டொர்னாடோவால் சிதைந்தது. அச்சிதைவை ஆராய்ந்ததிலிருந்தே அப்பல்கலைக்கழகத்தின் காற்றியல் பொறியியல் வளர்ந்தது. டெட் ஃபுஜிட்டா 1971-இல் வகுத்த அளவுகோலைத் திருத்தி, 2007 முதல் அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள விரிவாக்கப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலை உருவாக்கியதிலும் இதே மேத்தா முதன்மையானவர்.

அந்த அளவுகோல் காற்றை அளப்பதில்லை, சேதத்தை அளக்கிறது. சேதத்திலிருந்து காற்றின் வேகத்தைப் பின்னோக்கிக் கணிக்கிறது. அதற்காக 28 வகைப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. மரச்சட்டக வீடு, நகரும் வீடு, பள்ளிக்கட்டடம், பேரங்காடி, மின்கம்பம், மரங்கள். ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் எந்த அளவு சிதையும் என்பது தரப்பட்டிருக்கிறது. மண்சுவரும் மூங்கில் தட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கப் பண்ணையின் சிறு கொட்டகைதான் நம் உழவர் வீட்டுக்கு அதில் மிக நெருங்கிய உறவு. கொட்டகை முற்றிலும் சிதைந்தாலும் அதிலிருந்து பெறத்தக்க வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. விளைவு என்ன? ஒரு கிராமம் துடைத்தெறியப்பட்டாலும், துடைத்தெறியப்பட்டது மண்வீடு என்பதால், காற்று வலிமையானது என்று மெய்ப்பிக்க இயலாது போகிறது. வலிமையான காற்றென்று மெய்ப்பிக்க முதலில் வலிமையான வீடு வேண்டும். மேத்தாவைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அமெரிக்கக் கட்டடங்களுக்கென்றே செய்யப்பட்ட கருவி அது. நம் மண்வீட்டுக்கு ஓர் அட்டவணையை நாம் செய்துகொள்ளாததே என் குறை.

ஆதலால் நம்மிடம் எஞ்சுவது இறப்பெண்ணிக்கை ஒன்றுதான். 1963 ஏப்ரலில் கூச் பிகாரையும் மேற்கு அசாமையும் தாக்கியது நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1983 ஏப்ரல் 12 அன்று கைகாட்டாவில் இறந்தோர் 28. 1998 மார்ச் 24 பிற்பகலில் மேதினிப்பூர் மாவட்டத்துத் தாந்தனிலும் எல்லைக்கு அப்பால் பாலசோர் மாவட்டத்து ஜலேஸ்வர் பக்கத்திலும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஒரே காற்று, இரண்டு மாநிலங்கள், இரண்டு கணக்குகள். இதழ்களில் வந்த எண்கள் ஒன்றோடொன்று இன்றுவரை பொருந்தவில்லை. 2009 மார்ச் 31 அன்று கேந்திரபாடா மாவட்டத்து ராஜ்கனிகாவில் இறங்கியது மட்டும் வேறுவகையான ஆவணத்தை விட்டுச்சென்றது. கிழக்கிந்திய இடிப்புயல்களை ஆராயும் ஸ்டார்ம் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. கொல்கத்தா டாப்ளர் ராடாரின் பதிவும் இருந்தது. எனவே அம்மேகத்தை ஆய்வாளர்கள் கணினியில் மறுபடி உருவாக்கிப் பார்த்தனர்.

மேகம் இப்படி ஆவணத்துக்குள் வந்துவிட்டது. வயல் வந்ததா என்பதே என் கேள்வி. பேரிடர் நிவாரண நிதிக்கென ஒன்றிய அரசு அறிவித்துள்ள இடர்கள் பன்னிரண்டு. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும். டொர்னாடோ என்னும் பெயர் அதில் இல்லை. மாநிலங்கள் தமக்கே உரிய இடர்களை அறிவித்து நிதியில் பத்து விழுக்காடு வரை செலவிடலாம் என்னும் விதி உண்டு. இல்லையெனில் அது வேறு பெயரில்தான் கோப்புக்குள் நுழைய வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பயிர்க் காப்பீட்டில் அப்பெயர் இருந்தது. 1999-2000 ரபி பருவத்தில் தொடங்கிய தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள் புயல், டைஃபூன், ஹரிக்கேன், டொர்னாடோ என்று உலகத்துக் காற்றுகளையெல்லாம் வரிசையாகப் பட்டியலிட்டன. டைஃபூன் இந்திய வயலுக்கு வருவதில்லை. ஆனால் டொர்னாடோ வரும், ஆகவே உழவர் மகிழலாம் என்று நினைப்போம். திட்டமோ பரப்பு முறையில் இயங்கியது. தனி உழவரின் இழப்பை அது பார்ப்பதில்லை, வட்டாரத்தின் சராசரி விளைச்சல் உறுதி செய்யப்பட்ட அளவுக்குக் கீழே போனதா என்று மட்டும் பார்க்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 மீட்டர் அகலமும் 10 கிலோமீட்டர் நீளமும் உள்ள பாதையின் பரப்பு 300 ஹெக்டேர். வட்டாரத்தின் சாகுபடிப் பரப்பு 15,000 ஹெக்டேர் என்று கொண்டால் அழிந்தது 2 விழுக்காடு. சராசரி அசையாது. பாதையில் இருந்த உழவருக்கு நூறு விழுக்காடும் போயிருக்கும், இழப்பீடு சுழியம். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அலகை ஊராட்சி அளவுக்குச் சுருக்கியது. ஆலங்கட்டி, நிலச்சரிவு, வயலில் நீர் தேங்குதல் போன்ற இடஞ்சார்ந்த இடர்களுக்குத் தனி வயலை மதிப்பிடவும் இடம் தந்தது. டொர்னாடோ அந்த வரிசையில் சேரவில்லை. அதனோடு ஆலங்கட்டியும் விழுந்திருந்தால் அந்த உழவர் நற்பேறு பெற்றவர்.

2024 மார்ச் 31 அன்று ஜல்பாய்குரி மாவட்டத்து மைனாகுரி வட்டாரத்தில் சில நிமிடங்கள் வீசிய காற்று ஐவரைக் கொன்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கைப்பேசிகளில் படம்பிடிக்கப்பட்டதால் இம்முறை நாடே கண்டது. மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருந்த காலம் அது. வீடிழந்தோர்க்கு எதைத் தரலாம் என்பதற்குத் தேர்தல் ஆணையத்தின் இசைவு வேண்டியிருந்தது. முழுச்சேதம், பகுதிச்சேதம் என்று அலுவலர்கள் வீடு வீடாகப் பிரித்தெழுதினர். ஃபிளாய்டின் ஏட்டுக்குப் பின் 186 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அந்த மதிப்பீட்டுத் தாள்களை எவரேனும் ஓரிடத்தில் பாதுகாத்து வைப்பார்களா என்று தெரிந்துகொள்ள விழைகிறேன். மண்வீட்டுக்கான அட்டவணை ஒன்றை என்றேனும் செய்ய வேண்டுமானால் அதற்கான மூலத்தரவு அத்தாள்களிலேயே இருக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1978-இல் புருணபந்தகோடாவில் பத்து வயதாக இருந்தவர் இன்று அறுபதை ஒட்டியிருப்பார். ஒடிசாவில் கள ஆய்வு மேற்கொள்ளும் நண்பர்கள், கியோஞ்சர்ப் பகுதியில் அந்நாளைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் எதையேனும் கேட்டிருந்தாலும், அவ்வூர்ப் பள்ளியிலோ ஊராட்சியிலோ இறந்தோர் பெயர்ப்பட்டியல் எழுதி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருந்தாலும், இப்பதிவின் கீழ் எழுதுக. ஒடியாவில் இருந்தாலும் நன்று, படித்துச் சொல்ல எனக்கு ஆள் உண்டு.